பதினேழாவது கட்டம்

ஞானாம்பிகை தன் முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரே ஒரு கடிதத்தைத்தான் தாமதமாக அனுப்பினாள். அதுவும் தெரிந்தே செய்தது. அந்த ஒன்றைச் சொல்லும் முன் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், ஒரு கடிதம் பிந்தியதில் என்ன வந்தது, அரசாங்க ஆபீசில் எதுதான் பிந்தவில்லை என்று கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்.

மலாய் நாட்டில், தைப்பிங் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா அங்கே ட்ரெஸ்ஸர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பாக்கள் பலரையும் போல அவரும் பிள்ளைக்குச் சொத்தாகக் கொடுத்தது இரண்டுதான்: ஒரு சீனியர் கேம்பிரிட்ஜ் சர்டிபிகேட், எதையும் நேரத்துக்குச் செய்யாவிட்டால் வயிற்றைக் கலக்குகிற ஒரு சுபாவம். இருபது வயதில் அவள் பினாங்குக்கு வந்து, படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அரசாங்க இலாகாவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். ஆதரவில்லாத பெண்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிற இலாகா அது. எண்பதுகளின் நடுவில், நான் சொல்லப்போகிறது நடந்தபோது, அவள்தான் அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆபீஸ் முழுவதற்கும் ‘அக்கா’. மேலதிகாரிக்கு மட்டும் ‘மிசஸ் விநாசித்தம்பி’.

அந்த இலாகாவில் சேர்ந்த யாருக்கும் முதலில் சொல்லித்தரப்படுகிற விதி ஒன்று உண்டு. பாரத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. எழுத ஒன்றும் இல்லையென்றால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும். காலியாக விட்டால் நாளைக்கு எவனாவது வந்து தனக்கு வேண்டியதை அதில் எழுதிக்கொள்வான். இந்த விதி ஞானாம்பிகையின் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் சாமான் பட்டியல் எழுதினால்கூடக் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிடுவாள். “நான் பிறகு கத்தரிக்காயைச் சேர்த்துப்போடுவன் எண்டு பயம்” என்று அவள் புருஷன் விநாசித்தம்பி கடைக்காரரிடமே சொல்லிச் சிரிப்பார். ரயில்வேயில் கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கியவர். இப்போது வீட்டுச் சமையலும் ரேடியோவும் அவர் பொறுப்பு.

ஒரு நவம்பர் மாதம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த வாரத்தில், இலாகாவின் பெண்கள் இல்லத்திலிருந்து மேட்ரன் சித்தி ஹாஜரா ஆபீசுக்குப் போன் செய்தார். சித்தி என்பது உறவு இல்லை, பேரே அதுதான்; பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரி என்பதால் தமிழ் அரைகுறையாக வரும்.

“அக்கா, போலீஸ் ஒரு பொண்ணு கொண்டாந்து விட்டிருக்கு. தமிழ்ப் பொண்ணு. மலாய் ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குது லா. நீங்க வந்து பேசுங்க.”

ஞானாம்பிகை இல்லத்தில் சேர்ப்பவர்களுக்கான பாரத்தை எடுத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போனாள். இல்லம் டத்தோ கிராமட் சாலையை ஒட்டியிருந்தது. கூடத்தின் மூலையில், தரையில், சுவரோடு சாய்ந்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். யாரோ கொடுத்த மலாய்ச் சட்டை, பாஜு, அவளுக்கு இரண்டு மடங்கு பெரியதாக இருந்தது.

“நீங்க தமிழா?” என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

“ஓம்” என்றாள் ஞானாம்பிகை.

அந்தப் பெண் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு, ஏதோ பூசை ஆரம்பிக்கிறது என்று நினைத்தவள்போல் மெல்லக் கையைக் கூப்பினாள். ஞானாம்பிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கள் வீட்டில் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வது என்று விளக்கியதும் அந்தப் பெண்ணும் சிரித்தாள். இரண்டு நாளில் அவள் முகம் மாறியது அப்போதுதான் என்று சித்தி ஹாஜரா பிறகு சொன்னார்.

பேர் புஷ்பவள்ளி. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று ஊர்க்காரர் ஒருவர் அழைத்துவந்தார். பிளேனை விட்டு இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார். அந்த வீட்டில் குழந்தையே இல்லை. ஒரு வீட்டு வேலை முடிந்தால் அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டு வேலை, அது முடிந்தால் பின்கட்டில் பலகாரம் போடுகிற வேலை. கதவு வெளியே பூட்டியிருக்கும். சம்பளம் என்ற பேச்சே இல்லை. கேட்ட அன்றைக்கு இஸ்திரிப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்தார்கள். தழும்பைக் காட்டினாள்; காட்டிவிட்டு உடனே கையை மூடிக்கொண்டாள்.

“பினாங்கில என்னென்ன பார்த்தாய்?” என்று ஞானாம்பிகை கேட்டாள். பாரத்தில் இல்லாத கேள்விதான்.

“ஒரு புகைக்கூண்டு தெரியும்க்கா ஜன்னல்ல. அப்புறம் லாரி. ரெண்டு வருஷமா அதான் பாத்தேன்.”

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனுக்காகத் திறந்த கதவு ஒருநாள் பூட்டப்படாமல் கிடந்தது. அவள் அப்படியே நடந்தாள். ஒரு லாரிக்காரரிடம் போலீஸ் ஸ்டேஷன் எங்கே என்று கேட்டாள். அவர் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டார். போலீசில் முதலில் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு பாஸ்போர்ட் கேட்டார்கள். அவளிடம் அது இல்லை. ஆகவே பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டில் இருந்ததாக அவள்மேல் ஒரு வழக்குப் பதிவானது. அடைத்து வைத்தவர்களைப் பற்றிய வழக்கு தனியாக, தன்பாட்டில், மெதுவாக நடக்கும். இவளுடைய வழக்குக்கு மார்ச் மாதம் நாள் குறித்திருந்தார்கள். அதுவரை இல்லத்தில் வைத்திருக்க உத்தரவு.

பாரத்தில் பதினேழாவது கட்டத்துக்கு வந்ததும் ஞானாம்பிகையின் பேனா நின்றது. ‘குற்றம்’ என்று அச்சடித்திருந்தது. அதை நிரப்புவதும், கோடு போட்டு அடைப்பதும் மாநில அதிகாரி மட்டும் செய்யக்கூடியது. அதுவும் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு.

“அதுல என்னக்கா எழுதுவாங்க?”

“பாஸ்போர்ட் இல்லாமல் இருந்தது குற்றம். கோர்ட்டில தீர்ப்பு வந்தால் அதை எழுதுவினம். ஜெயில் எத்தனை மாசம் எண்டும் எழுதுவினம்.”

“இந்தத் தாளு ஊருக்கு வருமா?”

“ஒரு காப்பி உன்னோட வரும். அது இல்லாமல் பிளேன் ஏற ஏலாது.”

“எங்க சின்னய்யா, அப்பாவோட தம்பி, மெட்ராசு வரைக்கும் வந்து கூட்டிக்கிட்டுப் போவாரு. எந்தத் தாளைக் கண்டாலும் வாங்கி வாசிப்பாரு. ஜெயிலுக்குப் போனவன்னு அதுல இருந்துச்சுன்னா என் தங்கச்சிய யாரு கட்டுவா?” என்றாள். பிறகு, யாரிடமும் குறை சொல்லாத குரலில், “நானாத்தாங்க்கா போலீசுக்குப் போனேன். வழி கேட்டுப் போனேன்” என்றாள்.

ஞானாம்பிகை அன்று வீட்டுக்கு வந்து பிட்டைத் தொடவில்லை. அந்த ஒரு வாக்கியமே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. வழி கேட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் ஆபீஸ் விட்டதும் இல்லத்துக்குப் போவது அவள் வழக்கமாயிற்று. பாரத்தில் கேட்க ஒன்றும் மீதி இல்லை. ஆனாலும் போனாள். விநாசித்தம்பி ஒரு வாரம் இடியப்பம் கட்டிக் கொடுப்பார், மறுவாரம் தேங்காய் எண்ணெய்ப் போத்தல். புஷ்பவள்ளி ஆள் தேறினாள். இல்லத்துப் பெண்கள் எல்லோருக்கும் தலை வாரிப் பின்னிவிட்டாள். சித்தி ஹாஜராவிடம் மலாய் கற்றுக்கொண்டு, கேட் திறந்ததும் “சுடா மக்கான், அக்கா?” என்று சாப்பாட்டை விசாரிப்பாள். விசாரித்துவிட்டு, சொன்னது சரிதானா என்று மேட்ரன் முகத்தைப் பார்ப்பாள். ஞானாம்பிகைக்கு ஒரே மகள், ஈப்போவில் கட்டிக்கொடுத்தாயிற்று. வாரத்தில் ஒருநாள் தன்னை ஒருத்தி வாசலில் நின்று எதிர்பார்ப்பது எவ்வளவு இதமான விஷயம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏமாற்றி அழைத்துவரப்பட்டு அடைத்து வைக்கப்பட்ட பெண்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்புக் கொடுக்கலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். அப்படிப்பட்டவர்கள்மேல் பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்கு வழக்குப் போடக் கூடாது, இருக்கிற வழக்கையும் கைவிட வேண்டும், இல்லத்தில் வைத்து அரசாங்கச் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். இதுதான் திட்டம். மார்ச்சிலிருந்து சில மாநிலங்களில் பரீட்சித்துப் பார்ப்பார்கள். எந்த மாநில இலாகா ஆட்சேபிக்கிறதோ அந்த மாநிலத்தை விட்டுவிடுவார்கள். எல்லா இலாகாக்களும் தங்கள் கருத்தைக் குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டும். கடைசிப் பத்தி, எல்லாச் சுற்றறிக்கைக்கும் உள்ள வழக்கமான பத்தி: அந்தத் தேதிக்குள் பதில் வந்து சேராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும்.

ஞானாம்பிகை அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள். பினாங்கு சரி என்று சொன்னால் புஷ்பவள்ளிக்கு மார்ச்சில் கோர்ட் இல்லை. மாட்டேன் என்றால் உண்டு.

அந்த மாதம் முழுக்க மற்ற இலாகாக்களின் கருத்துகள் நகல் நகலாக வந்துகொண்டிருந்தன. அவள்தான் துளை போட்டு நூல் கோத்துக் கோப்பில் சேர்த்தாள். சேர்க்கும்போது வாசிக்காமல் இருக்க அவள் என்ன கல்லா? பாஸ்போர்ட் பார்க்கிற இலாகா, திட்டம் மிக நன்று, ஆனால் எப்படி வந்தாலும் வந்தவர் வந்தவரே என்றது. தொழிலாளர்களைப் பார்க்கிற இலாகா, வீட்டுக்குள் நடப்பது தன் கணக்கில் தொழில் அல்ல என்று ஒதுங்கிக்கொண்டது. சுகாதாரம் பார்க்கிற இலாகா எக்ஸ்ரே எடுக்கத் தயார்; யார் அழைத்துவருவது என்று கேட்டது. இன்னொரு இலாகா ‘கருத்து இல்லை’ என்ற இரண்டு சொல்லை மூன்று அதிகாரிகளின் கையெழுத்தோடு அனுப்பியிருந்தது. எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோருக்கும் திட்டம் பிடித்துத்தான் இருந்தது, பக்கத்து இலாகா செய்வதாக இருந்தால். அத்தனை பக்கத்திலும், வழி கேட்டுப் போலீசுக்குப் போன ஒருத்தியைப் பற்றி ஒரு வரி இல்லை.

சொந்த இலாகா என்ன சொல்லப்போகிறது என்பதுதான் அவளுக்குக் கவலை. மாநில அதிகாரி சிவகுருநாதன் கெட்டவர் அல்ல. அவரும் யாழ்ப்பாணக் குடும்பம். தைப்பிங்கில் படித்து, ஈப்போவில் வேலை பார்த்து, பினாங்குக்கு வந்தவர். பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது. முன்பு ஒருமுறை வெள்ளம் வந்தபோது பன்னிரண்டு கட்டிலில் முப்பது பேரைப் படுக்கவைத்து, பத்திரிகைக்காரர்களிடம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அன்றிலிருந்து புதிதாக எதைக் கண்டாலும் அவருக்குக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

“சேர், அப்படியான பிள்ளை ஒண்டு இப்ப எங்கட இல்லத்திலேயே இருக்குது” என்றாள் ஞானாம்பிகை. முப்பது வருஷத்தில் மேலதிகாரியிடம் கேட்காத அபிப்பிராயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஒரு பிள்ளைக்காகச் சட்டம் எழுத ஏலாது, மிசஸ் விநாசித்தம்பி. வழக்கு இல்லையெண்டு தெரிஞ்சால் வாறது முழுக்க ஏமாந்து வந்தனான் எண்டுதான் சொல்லும். நான் கட்டிலுக்கு எங்க போறது?”

அவள் விடவில்லை. கோப்பில் இரண்டு வரிக் குறிப்பு எழுதி வைத்தாள். அவர் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஆட்சேபணைக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

சிவகுருநாதனுக்கு எழுத்தில் சுத்தம் வேண்டும். ஒரு கமா பிடிக்காவிட்டால் பக்கம் முழுவதையும் திருப்பி டைப் அடிக்கச் சொல்வார். ஆறு தடவை அடித்தாள். ‘இல்லத்தில் பன்னிரண்டு கட்டில்களே உள்ளன’ என்ற வரியை ஆறு தடவையும் தன் விரலாலேயே அடித்தாள். அதில் ஒரு கட்டிலில் படுத்திருக்கிறவளின் முகம் அந்த ஆபீசில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கடைசித் தேதி அந்த வருஷம் தைப்பூசத்தன்று விழுந்தது. வியாழக்கிழமை. கோலாலம்பூருக்குப் போகிற கடிதங்களைத் தினமும் மாலை நாலரைக்கு ஒரு பையில் போட்டு அரக்கு வைப்பார்கள். அது ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய், ரயிலேறி, மறுநாள் காலை கோலாலம்பூரில் இருக்கும். ஆகவே புதன்கிழமைப் பையில் கடிதம் போயாக வேண்டும். அன்று ஆபீசில் பாதிப்பேர் வேலையில் இல்லை. வெள்ளித் தேர் காலையிலேயே புறப்பட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது, மேள சத்தம் எங்கிருந்தோ கேட்டபடி இருந்தது. மூன்றரை மணிக்கு சிவகுருநாதன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

“அவசரமில்லை, மிசஸ் விநாசித்தம்பி. கடைசி நாள் தைப்பூச லீவிலதானே வருகுது. லீவெண்டால் அடுத்த வேலை நாள் கணக்கு. வெள்ளிக்கிழமைப் பையில போடுங்கோ.”

ஞானாம்பிகை வாயைத் திறந்தாள்.

பினாங்கில் தைப்பூசத்துக்கு லீவு. தைப்பிங்கும் ஈப்போவும் இருக்கிற பேராக்கில் லீவு. தைப்பிங்கும் ஈப்போவும் பினாங்குமாகவே காலத்தைக் கழித்த சிவகுருநாதனுக்கு, அன்றைக்கு நாடே கதவைச் சாத்திவிட்டு முருகனைப் பார்க்கப் போகிறது என்றுதான் நினைப்பு. ஆனால் கோலாலம்பூர் ஆபீசுகளுக்கு அன்று லீவு கிடையாது. ஞானாம்பிகையின் அக்கா கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறாள். பத்துமலைக்குக் காவடி பார்க்கப் போக வருஷாவருஷம் தன் புருஷன் லீவுக்கு எழுதிக்கொடுத்துக் கெஞ்சுகிற கதையை டெலிபோனில் சொல்லாமல் விட்டதில்லை. கடிதம் வெள்ளிக்கிழமை புறப்பட்டால் சனிக்கிழமைதான் போய்ச்சேரும். பிந்திய கடிதம். பிந்தினால் ஆட்சேபணை இல்லை.

திறந்த வாயை அவள் மூடினாள். “சரி சேர்” என்றாள்.

தன் மேசைக்கு வந்தாள். தபால் பையைக் கட்டுகிற நூர் முகம்மது, பெரிய ஆள், நாலு பிள்ளைக்குத் தகப்பன், அரக்கை உருக்கிக்கொண்டே கேட்டார்.

“அக்கா, கே.எல். பைக்கு வேற ஏதாச்சும் இருக்கா? கட்டிரலாமா?”

கடிதம் அவள் கையிலேயே இருந்தது. வயிறு கலங்கியது. அப்பா கொடுத்த சொத்து அல்லவா.

“இண்டைக்கு இல்லைத் தம்பி. கட்டுங்க.”

நேரே இல்லத்துக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை இல்லை, ஆனாலும் போனாள். தேர் ஊர்ந்து ஊர்ந்து டத்தோ கிராமட் சாலைக்கு அப்போதுதான் வந்திருந்தது. சாலையின் இருபுறமும் சீனர்களும் தமிழர்களும் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சித்தி ஹாஜரா பெண்களை கேட்டுக்கு உட்பக்கமாக வரிசையாக நிறுத்தியிருந்தார். கேட்டைத் தாண்ட யாருக்கும் அனுமதி இல்லை. புஷ்பவள்ளி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

“நம்ம சாமி இங்க வந்திருக்குக்கா” என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

சித்தி ஹாஜரா உள்ளே போய், மறுநாள் குழம்புக்கு வைத்திருந்த தேங்காயில் ஒன்றை எடுத்துவந்து நீட்டினார். “இந்தா. உடைக்கணும்னா உடை. ஆனா கேட் தாண்டக் கூடாது லா.”

புஷ்பவள்ளி அதைக் கண்ணில் ஒற்றி, கம்பி வழியாக ஞானாம்பிகையிடம் கொடுத்தாள். ஐம்பது வயதுப் பெரிய கிராணி, ஆபீஸ் சேலையோடு, நடு ரோட்டில் இறங்கி ஒரே அடியில் தேங்காயைச் சிதறடித்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கிறீர்களா? ரயில் நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்றுதான். கடிதம் இல்லாத பையை ஏற்றிக்கொண்டு.

தைப்பூசத்தன்று காலையில் அவள் மனம் மறுபடி புரண்டது. இப்போதுகூட நேரம் இருந்தது. சிவகுருநாதன் வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னால் போதும். தந்தி ஆபீஸ் லீவு நாளிலும் திறந்திருக்கும். குளித்து, பால்குடத்துக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அடுப்படியில் நின்றிருந்த புருஷனிடம் முழுவதையும் சொன்னாள். விநாசித்தம்பி தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“நான் பிழை செய்துபோட்டன் எல்லே?” என்றாள் கடைசியில்.

“பிழைதான்” என்றார் அவர். “முப்பது வருஷமா நீ ஒவ்வொரு கடிதத்தையும் நேரத்துக்கு அனுப்பினாய். அதில எத்தினை கடிதம் ஆரையாவது ஜெயிலுக்கு அனுப்பினதெண்டு நீ ஒருநாளும் பார்க்கேல்லை. இதை மட்டும் பார்த்துப்போட்டாய். நட, வெயில் ஏறமுதல் தண்ணீர்மலைக்குப் போவம்.”

அவள் அழுதாள். அழுதுவிட்டுப் பால்குடத்தை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தாள். போன் செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து பதில் வந்தது. தங்கள் கருத்து குறித்த தேதிக்குப் பின் கிடைத்தது. ஆகவே பினாங்கு ஆட்சேபிக்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது. மார்ச் முதல் திட்டத்தை அமல் செய்யவும். சிவகுருநாதன் அவளைக் கூப்பிட்டார்.

“கே.எல்.ல தைப்பூசத்துக்கு லீவு இல்லையாம். தெரியுமே உங்களுக்கு?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரே தந்த உத்தரவு. யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

“தெரியும் சேர்.”

“எப்ப தெரியும்?”

“நீங்கள் வெள்ளிக்கிழமை எண்டு சொன்ன உடனேயே தெரியும்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “நீங்கள் போகலாம்” என்றார்.

கோப்பு மாலையில் அவள் மேசைக்கு வந்தது. ‘தாமதம் என் உத்தரவினால் நேர்ந்தது’ என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். அதோடு சரி. அடுத்த ஒரு மாதம் அவர் அவளிடம் வாயால் பேசவே இல்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு எதையும் கோப்பில் எழுதியே கேட்டார், அவளும் எழுதியே பதில் சொன்னாள். அந்த வருஷம் அவளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையில், ‘நேரம் தவறாமை’ என்ற இடத்தில், முப்பது வருஷமாக ‘மிக நன்று’ என்று இருந்தது ‘நன்று’ என்று ஆயிற்று. அதை வாசித்த அன்று அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு யாராவது உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டால் அந்த ‘நன்று’வைப் பற்றித்தான் முதலில் சொல்வாள்.

மார்ச்சில் வழக்குக் கைவிடப்பட்டது. ஆனால் ஊருக்கு அனுப்பும் தாள்கள் இலாகாவுக்கு இலாகா நடந்து, ஜூன் கடைசியில்தான் கைக்கு வந்தன. புறப்படும் நாளில் மாநில அதிகாரி நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது புதுத் திட்டத்தின் விதி. பன்னிரண்டு கட்டில் என்று ஆறு தடவை எழுதவைத்த சிவகுருநாதன், அன்றுதான் முதல் தடவையாக அந்த இல்லத்துக்குள் காலை வைத்தார். கட்டில்களை ஒருமுறை பார்த்தார். ஐந்து காலியாக இருந்தன.

புஷ்பவள்ளி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நீட்டிய கையில் இருந்த தழும்பு அவர் கண்ணில் பட்டது.

“சாப்பிட்டியே, பிள்ளை?” என்றார்.

“சாப்டேன் சார்.”

பாரத்தை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பதினேழில் விரல் நின்றது.

“இது காலியா இருக்குதே, மிசஸ் விநாசித்தம்பி.”

“அதில எழுத ஒண்டும் இல்லை சேர்.”

“ஒண்டும் இல்லையெண்டால் அடைக்கோணும். இதையும் நான் சொல்லவேணுமே?”

பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். கோடு போட அடிமட்டம் கேட்டு வாங்கினார். கட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “என்னக்கா எழுதிட்டாரு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஒண்டும் எழுதேல்லை.”

“அப்ப அது?”

“கோடு. இனி அந்த இடத்தில ஆரும் ஒண்டும் எழுத ஏலாது. உன்ர சின்னய்யா திருப்பித் திருப்பி வாசிச்சாலும் அதில ஒண்டும் இராது.”

புஷ்பவள்ளி அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரைக்கும் தடவினாள். மை இன்னும் காயவில்லை. கட்டம் முழுவதும் நீலமாக இழுபட்டது. அவள் பதறிக் கையை எடுத்துக்கொண்டாள். ஞானாம்பிகை புதுப் பாரத்துக்காகக் கைப்பையைத் திறந்தாள்.

ஒரு கமாவுக்காகப் பக்கம் முழுவதையும் திருப்பி அடிக்கச் சொல்கிற சிவகுருநாதன் அந்தக் கறையைப் பார்த்தார்.

“இருக்கட்டும்” என்றார். “பிள்ளைக்குப் பிளேனுக்கு நேரமாகுது.”